பதறாத குரல்

பல் டாக்டர் ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். நான்காம் மாடியைத் தாண்டி, ஐந்தாம் மாடியைத் தொடாமல் அது நின்றுவிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அழைப்பு அவளிடம் வந்தது.

அவள் வேலை அதுதான். ஊரில் பாதி லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி அது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால் அவள் அறையில் மணி அடிக்கும். திரையில் முகவரி வரும். எத்தனை பேர் இருக்கிறீர்கள், யாருக்காவது உடம்பு முடியவில்லையா என்று கேட்பாள். கதவை நெம்பாதீர்கள் என்பாள். காற்று வரும், மூச்சு முட்டாது என்பாள். பிறகு இன்னொரு தொலைபேசியை எடுத்து அந்தப் பக்கத்து மெக்கானிக்கை அனுப்புவாள். அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரைப் பேச்சிலேயே வைத்திருப்பாள்.

இதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல் அவள் குரல் இறங்கும் என்று அந்த அறையில் சொல்வார்கள். கத்திக்கொண்டிருப்பவர்கள் நாலு வார்த்தையில் அடங்கிவிடுவார்கள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள் பேசிய பதிவுகளைத்தான் போட்டுக் காட்டுவார்கள். மெக்கானிக்குகள் அவளுக்குத் 'தாலாட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பல் டாக்டர் முதலில் கதவை உதைத்தார். பிறகு கம்பெனியைத் திட்டினார். பிறகு தன் பெண்ணின் கல்லூரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"நான் பேஷண்ட்கிட்ட வலிக்காதுன்னு சொல்வேன். அதே மாதிரி சொல்றீங்க" என்றார்.

"வலிச்சா கையைத் தூக்குங்க டாக்டர்" என்றாள்.

அவர் சிரித்தார். மெக்கானிக் கிளம்பிவிட்டார் என்று அவள் சொன்னாள். வந்துகொண்டே இருக்கிறார் என்றாள். சிக்னலில் நிற்கிறார் என்றுகூடச் சொன்னாள்.

அவள் யாரையும் அனுப்பவில்லை.

இன்னொரு தொலைபேசி அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்தாள். எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எதற்கு என்று தோன்றியது. அந்த மனிதர் ஒரு பெட்டிக்குள் நிற்கிறார். யாரும் அவரை எதுவும் கேட்க முடியாது. அவரை ஏன் வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது. அதில் கெட்ட எண்ணம் இல்லை. நல்ல எண்ணமும் இல்லை. பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதி சினிமா ஓடும் நேரம் போயிருக்கும். கட்டடத்துக் காவலாளி பொறுமை இழந்து, தெரிந்த மெக்கானிக் ஒருவனுக்கு நேராகவே போன் செய்தார். அவன் இரண்டு தெரு தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தான். பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தான்.

மறுநாள் டாக்டர் கம்பெனியைக் கூப்பிட்டு, அந்தப் பெண் இல்லாவிட்டால் தனக்கு மாரடைப்பே வந்திருக்கும் என்றார். மேலாளர் அவளை அறையின் நடுவில் நிறுத்திக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். எவ்வளவு நேரம் புன்னகைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு நேரம் புன்னகைத்தாள்.

கைதட்டாத ஒரே ஆள் பல்லி.

டீயைப் பாதியில் விட்டு ஓடிய மெக்கானிக் அவன்தான். லிஃப்ட் ஓடும் குழிக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஏறுவான் என்பதால் அந்தப் பெயர். அவன் வாயில் நல்ல வார்த்தை வராது என்பது இன்னொரு காரணம். யாராவது புது வண்டி வாங்கினால் பிரேக்கைப் பற்றித்தான் முதலில் பேசுவான். பல்லி சொல்லியாச்சு, இனி பலித்த மாதிரிதான் என்று மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவன் படிக்கட்டு வளைவில் அவளை நிறுத்தினான்.

"எனக்கு போனே வரலையேக்கா."

"மறந்துட்டேன்."

"நீங்களா?"

அன்றைக்கு அழைப்புகள் அதிகம் என்றாள். தலை வலித்தது என்றாள். இனிமேல் இப்படி நடக்காது, கவலைப்பட வேண்டாம் என்றாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான்.

"அந்தக் குரலை எங்கிட்ட காட்டாதீங்க. நான் ஒண்ணும் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கல."

அவன் தன் கதையைச் சொன்னான். அவனே ஒருமுறை உச்சி மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குழியைப் பார்த்தபடி நின்றானாம். எதையும் பழுது பார்க்கவில்லை. சும்மா நின்றான். கீழே ஆட்கள் திட்டுகிற சத்தம் கேட்டுத்தான் கதவைச் சாத்தினான். பொண்டாட்டி காதைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனாள். அவர்கள் அதற்கு மனச்சோர்வு என்று ஒரு பெயர் சொன்னார்கள். மருந்து இருக்கிறது என்றார்கள்.

"பைத்தியம் இல்லக்கா. காய்ச்சல் மாதிரி ஒண்ணு. என்ன, தொட்டுப் பாத்தா சுடாது. அதனால ஒருத்தனும் நம்ப மாட்டான்."

ஆலோசகரின் முகவரியைச் சொல்லிவிட்டு, டாக்டர் ஏன் அவ்வளவு நேரம் உள்ளே நின்றார் என்பதை அங்கே போய்ச் சொல்லச் சொன்னான். அவள் மறந்துவிட்டாள் என்பதை அவன் நம்பவில்லை. இறங்கிப் போகும்போது திரும்பி அதையும் சொல்லிவிட்டுப் போனான்.

எப்போது தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியாது. யாரும் சாகவில்லை. சண்டை இல்லை. குளிப்பது முதலில் கஷ்டமானது. குளியல் என்பது ஒரே வேலை என்று அத்தனை வருடம் நினைத்திருந்தாள். இப்போது அது பல வேலைகளாகப் பிரிந்து நின்றது. துண்டை எடுக்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், முதல் குவளையை ஊற்ற வேண்டும். சில நாட்கள் வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். விடிவதற்கு முன்பே விழிப்பு வரும். அப்போதே அந்த நாள் முழுவதும் நடந்து முடிந்ததுபோல் இருக்கும். சாப்பாட்டில் உப்பு இருப்பது நாக்குக்குத் தெரியும். அதனால் ஒன்றும் ஆகாது. தொலைக்காட்சியில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியும். அங்கே சிரிப்பாள்.

அழுகை வந்தால் வீட்டில் கண்டுபிடித்திருப்பார்கள். அது வரவில்லை.

கணவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். காலையும் மாலையும் பிள்ளைகளின் கூச்சலில் ஊறி வருகிறவன். வீடு அமைதியாக இருந்தால் அவனுக்கு அதுவே வரம். மனைவி பேசாமல் இருப்பதை அவன் குறையாகப் பார்க்கவில்லை. ஆபீஸில் பேசினால் சம்பளம், வீட்டில் ஏன் ஓசியில் பேசப்போகிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடவே சிரிப்பாள்.

ஆலோசகரிடம் போகிறேன் என்று அவள் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றில் இருந்த கை நின்றது.

"நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன குறை?"

குத்திக்காட்டுவதற்காக அவன் அதைக் கேட்கவில்லை. குறை எது என்று தெரிந்தால் சரிசெய்துவிடுவான். வண்டி ஓட்டுகிறவன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் கழற்றிப் பார்ப்பான். அவளால் இடத்தைக் காட்ட முடியவில்லை. அவன் எழுந்து கை கழுவினான். வெகு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைக் கழற்றி, வாஷர் மாற்றி, திரும்ப முடுக்கினான். இனி சொட்டாது என்றான். நல்லதுங்க என்றாள்.

ஆலோசகரின் அறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு நாற்காலிகள், நடுவில் சின்ன மேஜை, மேஜையில் கண்ணீர் துடைக்கிற காகிதப் பெட்டி. ஆலோசகர் அவளைவிடச் சின்னவள். சற்று முன்தான் ஒருவர் முகம் வீங்கி இறங்கிப் போயிருந்தார். ஆலோசகரின் மூச்சு மேலேயே நிற்பது அவளுக்குக் கேட்டது. ஆலோசகர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

பதறியவரின் மூச்சு காதில் விழுந்தால் போதும், அவளுக்கு அந்தக் குரல் தானாக வந்துவிடும்.

தூக்கம் எப்படி என்று கேட்டபோது, கொஞ்சம் குறைவுதான் மேடம், சமாளித்துக்கொள்கிறேன் என்றாள். சாப்பாடு? சாப்பிடுகிறேன். வீட்டில்? நல்ல மனிதர், குழாய்கூடச் சரிசெய்தார். வேலையில்? சமீபத்தில்தான் பாராட்டினார்கள். கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றையும் வாங்கி, தட்டிக்கொடுத்து, கீழே வைத்தாள். டாக்டர் மாட்டிக்கொண்டதையும் சொன்னாள். வேலைக் களைப்பில் ஒரு போனை மறந்ததாகச் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் மறைக்கவில்லை. அது தானாக மறைந்துகொண்டது. உள்ளே ஒருத்தி, இல்லை, இது இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தாள். அவளுக்குக் குரல் இல்லை.

ஆலோசகரின் தோள்கள் மெல்ல இறங்கின. பேனா மேஜைக்குப் போனது. வேலைப்பளு என்றாள். மாலையில் கொஞ்சம் நடக்கச் சொன்னாள். ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். லிஃப்டில் நிற்பவர்களுக்கு அவள் தினமும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிதான் அது. புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள்.

"உங்ககூட பேசினதுல எனக்கே லேசா இருக்கு. தேவைப்பட்டா மறுபடி வாங்க" என்றாள் ஆலோசகர்.

நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். கீழே கடைக்காரர் ஒரு கிழவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது, தெரிகிறது என்று கிழவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கணவன் கேட்டான். ஒன்றும் இல்லையாம், நடந்தால் போதுமாம் என்றாள். எனக்கு அப்பவே தெரியும் என்றான். அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான்.

பல்லிக்கு மட்டும் அது இறங்கவில்லை. அங்கேயும் போய்த் தாலாட்டுப் பாடிவிட்டு வந்தீர்களா என்று கேட்டான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்றான். அவள் புன்னகைத்தாள். அவன் புன்னகைக்கவில்லை.

"பல் டாக்டர் தப்பிச்சாரு. நாளைக்கு நெஞ்சுவலிக்காரர் ஒருத்தர் மாட்டுவாரு. அப்பவும் நீங்க அந்த போனைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க."

பல்லி சொல்லியாச்சு. அவன் சொன்னதில் அதுதான் உள்ளே போனது.

அந்த வாரத்திலேயே கைக்குழந்தையோடு ஒருத்தி மாட்டிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது. தாய் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்றாள். அவள் பேசுவதற்கு முன்பே இன்னொரு தொலைபேசியை எடுக்க முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகும் கை மேஜையிலேயே கிடந்தது. இடது கையால் வலது கையைத் தள்ளினாள். மெக்கானிக்கை அனுப்பினாள். தாயிடம் பேசினாள். குழந்தை சீக்கிரமே வெளியே வந்தது. அடுத்த இருக்கைப் பெண் வெற்றி என்று விரல்களைக் காட்டினாள்.

குழந்தை பிழைத்ததில் தனக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். நிம்மதி, பயம், எதுவானாலும் போதும். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த முறை இடது கையும் கிடந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யோசித்தாள். அதுகூடக் கணக்குப்போல்தான் வந்தது.

மறுபடி கண்ணாடிக் கடை மாடிக்குப் போனாள்.

இந்த முறை அந்தக் குரலில் பேசுவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று ஆலோசகர் கேட்டாள். அவள் வாயைத் திறந்தாள். வழக்கமான குரல் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டாள். வேறு குரலுக்காகக் காத்திருந்தாள். அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. மின்விசிறி சுற்றியது. ஆலோசகர் இன்னொரு கேள்வி கேட்க வந்து, நிறுத்திக்கொண்டாள். கீழே கடையில் யாரோ எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் வந்தது குரலே இல்லை. வறண்டு, நடுவில் உடைந்து, கேட்கவே பிடிக்காத ஒன்று.

"நான் மறக்கல."

ஆலோசகர் காத்திருந்தாள்.

"போன் பக்கத்துலதான் இருந்துச்சு. அவர் வெளிய வரணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவர் உள்ளயே இருக்கட்டும்னு தோணுச்சு. நானும் அப்படி எங்கயாவது நின்னுட்டா போதும்னு தோணுச்சு."

"செத்துடணும்னு நினைக்கிறீங்களா?" ஆலோசகர் நேராகவே கேட்டாள்.

"சாகணும்னு இல்ல. இருக்கணும்னும் இல்ல."

ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, போன முறை தான் சரியாகக் கவனிக்கவில்லை என்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். பரவாயில்லை மேடம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. இது மனச்சோர்வு, லேசானது இல்லை என்றாள் ஆலோசகர். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், மாத்திரை வேண்டியிருக்கும், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், வாராவாரம் இங்கேயும் வர வேண்டும் என்றாள். கொஞ்ச நாளைக்கு அந்தத் தொலைபேசி வேலை வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சாக வேண்டும் என்று எப்போது தோன்றினாலும், எந்த நேரமானாலும், தன்னைக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றையும் அவசரமில்லாமல் சொன்னாள்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். படியில் இறங்கும்போது அவள் பார்த்தாள். இறங்கவில்லை. முன்பு அது அவளுக்கு மட்டும் தெரியும். இப்போது இன்னொருவருக்கும் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

விடுப்பு கேட்டபோது மேலாளர் நிறையக் கேட்கவில்லை. பேசிப் பேசித் தொண்டை போயிருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். தங்கத் தொண்டை, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொல்லித்தான் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருத்தி வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். அவள் மறுக்கவில்லை. அவள் இல்லாத நாட்களிலும் புதுப் பெண்கள் அவளுடைய பதிவுகளைக் கேட்டுத்தான் பழகினார்கள். பல் டாக்டரிடம் பேசியதுதான் அதில் முதல் பாடம். பல்லி போனில் அதைச் சொன்னபோது அவன் குரலில்கூடச் சிரிப்பு இல்லை.

கணவனை ஆலோசகர் கூப்பிட்டனுப்பினாள். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். வெளியே வந்ததும் வண்டிச் சாவியைத் தேடினான். அது கையிலேயே இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அவன் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். ஒன்றும் இல்லை, சரியாகிவிடும், டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். பயத்தைக் குரலுக்குள் வரவிடாமல் அவன் படும் பாடு அவளுக்குத் தெரிந்தது. அந்த வித்தை முழுவதும் அவளுக்கு அத்துபடி. செய்கிறவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளுக்கு அது வேலை செய்யவில்லை.

அவர்களுக்கு ஒரு மகள், பள்ளி இறுதிக்கு முந்தின வகுப்பில் இருந்தாள். அவளிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மாத்திரை அட்டையின் பெயரைப் போனில் தேடி அவளாகவே மற்றதைத் தெரிந்துகொண்டாள். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. தினமும் காலையில் கிளம்பும்போது இன்னிக்கு எப்படி என்று கேட்பாள். முதல் சில நாட்கள் அம்மா பழைய குரலில் பரவாயில்லைடா என்றாள். பிள்ளையின் முகம் அப்படியே மலரும். படிகளில் தடதடவென்று இறங்கி ஓடுவாள்.

இதையும் அவள் ஆலோசகரிடம் சொன்னாள். வீட்டில் யாரையும் சமாதானப்படுத்த வேண்டாம், முதலில் ஒரே ஒருவரிடமாவது உள்ளதைச் சொல்லிப் பாருங்கள் என்றாள் ஆலோசகர். பிள்ளையிடம் எப்படி என்று அவள் கேட்டாள். தினமும் கேட்கிறவள் உங்கள் மகள்தானே என்றாள் ஆலோசகர்.

மறுநாள் கணவன் பேருந்தை எடுக்கச் சீக்கிரமே போயிருந்தான். மகள் வாசலில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எப்படிம்மா?"

குரல் தயாராக வந்து நின்றது. ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் அந்த முகம் மலரும்.

"நல்லா இல்லடா."

மகளின் கை கயிற்றிலேயே நின்றது.

"நேத்து மாதிரியா?"

"நேத்தும் நல்லா இல்ல. நான் சும்மா சொன்னேன்."

மகள் குனிந்தே இருந்தாள். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். முதுகுப்பையின் பட்டையைச் சரிசெய்தாள். பிள்ளையைத் தொட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கை எழவில்லை.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"அது வேலை செய்யலையா?"

"தெரியல."

மகள் எழுந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், நிலைக்கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"சரி. சாயந்தரம் வந்து கேக்கறேன். அப்பவும் சும்மா சொல்லாத."

சாயந்தரமும் இதே பதில்தான் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கும் இதேதான். சரி என்று தலையாட்டினாள்.

மகள் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஓடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினாள்.